சைக்கிள் அகற்றப்பட்டது

ஆங்கிலத்தில் ஒரு வகை வாக்கியம் இருக்கிறது. அதில் யாரும் எதையும் செய்யவே மாட்டார்கள். எல்லாம் தானாகச் செய்யப்பட்டுவிடும்.

கண்ணாடி உடைக்கப்படும். கதவு பூட்டப்படும். கேக் தின்னப்படும். அதற்குப் பின்னால் ஒரு வால் வேறு. 'வென்' என்று ஒரு வால் வந்தால் எப்போது என்று தெரியும். 'பிகாஸ்' என்று வந்தால் ஏன் என்று தெரியும். 'ஆஸ் இஃப்' என்று வந்தால் எப்படி என்று தெரியும். எப்போது, ஏன், எப்படி எல்லாம் சொல்வார்கள். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்!

புதன்கிழமை வகுப்பில் நான் எழுந்து நின்று கேட்டேன். "மிஸ், கேக்கைத் தின்னது யாருன்னு சொல்லாம, ஏன் தின்னாங்கன்னு மட்டும் சொன்னா என்ன பிரயோஜனம்?"

"யாருன்னு தெரியாதப்போ இப்படி எழுதலாம். இல்லன்னா, யாருன்னு சொல்ல வேண்டாம்னு நினைச்சாலும் எழுதலாம்" என்றார் மிஸ்.

"ஏன் மிஸ் சொல்ல வேண்டாம்னு நினைக்கணும்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கு எரிச்சலோடு எரிச்சலாக வீட்டுப்பாடம் வேறு கொடுக்கப்பட்டது. கொடுத்தது மிஸ்தான். நான் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடியிருப்பு நான்கு மாடிக் கட்டடம். மாடிப்படிக்குக் கீழே நான் நிறுத்தியிருந்த சைக்கிளைக் காணவில்லை.

அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'தி பைசைக்கிள் வாஸ் ரிமூவ்டு பிகாஸ் இட் வாஸ் பார்க்டு ஆஸ் இஃப் தி ஸ்டேர்கேஸ் வேர் எ கராஜ்.'

அதாவது, மாடிப்படி என்னவோ வண்டிக் கொட்டகை என்பது போல நிறுத்தப்பட்டிருந்ததால் சைக்கிள் அகற்றப்பட்டதாம். ஒரு வால் அல்ல, இரண்டு வால்! யார் அகற்றினார்கள் என்று மட்டும் இல்லை.

இதை எழுதியது யார் என்று கேட்கவே வேண்டாம். நோட்டீஸ் மாமாதான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வாழ்நாள் முழுக்க ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே போன வாரத்துத் தாளும் தொங்கியது. மாடிப்படி பல்ப் மினுக் மினுக் என்று எரிந்ததால் கழற்றப்பட்டது என்று அதில் இருந்தது. புது பல்ப் எப்போது மாட்டப்படும் என்று எதிலும் இல்லை.

நான் நேராக வாட்ச்மேன் அண்ணாவிடம் போனேன்.

"அண்ணா, என் சைக்கிள் எங்க?"

"எடுத்தாச்சு பாப்பா."

"யாரு எடுத்தா?"

"எடுக்கச் சொல்லி வந்துச்சு."

"எங்கேருந்து வந்துச்சு?"

"மேலேருந்து."

"மேலேருந்துன்னா? வானத்துல இருந்தா?"

வாட்ச்மேன் அண்ணா பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அது பிளாஸ்டிக் செடி.

மூன்றாவது மாடி டியூஷன் அக்கா படியிறங்கி வந்தாள். அவளைப் பிடித்தேன். "அக்கா, சைக்கிளை எடுக்கணும்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"முடிவு பண்ணியிருப்பாங்க."

"அதான், யாரு?"

"அவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நோட்டீஸ் மாமா வீட்டு மணியை அழுத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த வெயிலிலும் மாமா முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார்.

"மாமா, என் சைக்கிள்?"

"பாதுகாப்பா வைக்கப்பட்டிருக்கு."

"எங்க?"

"பாதுகாப்பான இடத்துல."

"எப்ப தருவீங்க?"

"தரப்படும்."

கதவு சாத்தப்பட்டது.

*

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அது என் சைக்கிளே இல்லை. சித்தியின் சைக்கிள். சித்தி விடுதியில் தங்கி கேக், ரொட்டி செய்யப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடியும் வரை நான் ஓட்டிக்கொள்ளலாம் என்று கொடுத்திருந்தாள். இப்போது படிப்பும் முடிந்துவிட்டது, ஒரு பேக்கரியில் வேலையும் கிடைத்துவிட்டது.

அம்மா மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"படிக்குக் கீழ ஏன் நிறுத்தினே? ஷெட்ல வைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"ஷெட் சாவியத்தான் காணோமே!"

"சாவி எங்கேயோ கைமறதியா வைக்கப்பட்டிருக்கும். வாட்ச்மேன்கிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல? கேட்டு வாங்கறதுக்கு என்ன சோம்பல்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதில் இருந்தால்தானே பிடிக்கும்.

"சித்திக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்று அம்மா போனை என் கையில் திணித்தாள்.

சித்தி உற்சாகமாக எடுத்தாள். "என்னடி, என் குதிரை எப்படி இருக்கு?"

"சித்தி... அது வந்து... சைக்கிள் அகற்றப்பட்டிருக்கு."

"தமிழ்ல பேசுடி."

"இது தமிழ்தான் சித்தி."

"என்ன ஆச்சுன்னு ஒழுங்கா சொல்லு."

நாளெல்லாம் யாரைப் பார்த்து எரிச்சல்பட்டேனோ, அவர்களைப் போலவே நானும் பேசிக்கொண்டிருந்தேன். சீ என்று இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "நான் ஷெட்ல வைக்காம படிக்குக் கீழ நிறுத்திட்டேன் சித்தி. அதை எடுத்துட்டாங்க. யாருன்னு தெரியல. எங்க இருக்குன்னும் தெரியல."

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"திங்கட்கிழமை விடியறதுக்கு முன்னாடி நான் பேக்கரியில இருக்கணும்" என்றாள் மெதுவாக. "அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிள் இருக்குன்னு சொல்லித்தான் வேலையே வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சு வை."



*

வியாழக்கிழமை காலை பள்ளிக்குப் போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். நோட்டீஸ் மாமாவின் தாளுக்கு அடியில், கொட்டை எழுத்தில், 'பை ஹூம்?' என்று எழுதினேன். யாரால்? கேள்விக்குறியை என் முழங்கை அளவுக்குப் போட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பதில் இருந்தது.

அறிவிப்புப் பலகை, அது ஏதோ மதில்சுவர் என்பது போலக் கிறுக்கப்பட்டதால், பாழாக்கப்பட்டிருக்கிறதாம்!

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்து எட்டாக மடித்துக் கப்பல் செய்து சாக்கடையில் விடலாம் என்று தோன்றியது. அதற்காகக் கிட்டே போனேன். போனவள் நின்றுவிட்டேன்.

எழுத்து மாமாவின் எழுத்துப் போலவே இல்லை. மாமாவின் எழுத்து அச்சடித்தது போல வரிசையாக இருக்கும். இதில் ஒரு எழுத்து மேலே ஏறியிருந்தது, அடுத்தது கீழே சறுக்கியிருந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியது போல இருந்தது. சைக்கிள் தாளும் அப்படித்தான் இருந்தது; கோபத்தில் நான் கவனிக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க நோட்டீஸ் மாமா இன்னிக்கும் கடைக்கு வந்தார். கட்டுத் துணியும் சுளுக்குத் தைலமும் வேணும்னார். யாருக்கு சார்னு கேட்டேன். 'தேவைப்படுது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். வாயத் திறந்து பதில் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். வெயிலில் முழுக்கைச் சட்டை. கட்டுத் துணி. கோணல் எழுத்து. மாமா இடது கையால் எழுதியிருக்கிறார். வலது கையில் அடி!

கையைக் கழுவிவிட்டுக் கீழே ஓடினேன். மாடிப்படி வளைவில் ஒரே இருட்டு. பல்ப் இல்லாத ஹோல்டர் மட்டும் தொங்கியது. கடைசிப் படி கண்ணுக்கே தெரியவில்லை. என் சைக்கிள் இருந்த இடத்தில் நின்று பார்த்தேன். இங்கே நிறுத்தினால் பெடல் படிப் பக்கம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு நாளாக 'யார், யார்' என்று கத்திக்கொண்டு திரிந்தேனே, யாருக்காவது அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

*

மறுநாள் பள்ளி விட்டதும் மாமா வீட்டு மணியை அழுத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மாமா, சைக்கிளைப் படிக்குக் கீழ நிறுத்தினது நான். பெடல் வெளியே நீட்டிட்டு இருந்திருக்கும். நீங்க அதுல தடுக்கி விழுந்துட்டீங்களா? கை ரொம்ப வலிக்குதா?"

மாமாவின் முகத்தில் இருந்த அறிவிப்பு எல்லாம் அழிந்துபோனது. வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மெதுவா பேசு" என்று கிசுகிசுத்தார். "உள்ள வா. சத்தம் போடாதே."

பின்பக்கத்து பால்கனிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு போர்வை எதையோ மூடியிருந்தது. அதை விலக்கினார்.

சித்தியின் சைக்கிள்! ஆனால் முன் சக்கரம் கழன்று தனியாகக் கிடந்தது. அது வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. தரையில் விரித்த செய்தித்தாளில் கம்பிகள், நட்டு போல்ட்டுகள், ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல்.

"சரி செய்யப்பட்டுக்கிட்டு இருந்தது..." என்று மாமா ஆரம்பித்தார்.

"யாரால மாமா?"

அவர் பெருமூச்சு விட்டார். "என்னால. அதனாலதான் இப்படி ஆயிடுச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பல்ப் மினுக் மினுக் என்று எரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவரே கழற்றினார். புதிது வாங்க மறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை இருட்டில் இறங்கி வந்து, பெடலில் கால் மாட்டி, சைக்கிள் மேலேயே விழுந்தார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. சக்கரம் வளைந்தது. யாருக்கும் தெரியாமல் அதைச் சரிசெய்து வைத்துவிடலாம் என்று, மறுநாள் நான் பள்ளிக்குப் போன பிறகு எடுத்து வந்தார்.

"விழுந்தேன்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

"எப்படிச் சொல்றது? முட்டி ஆபரேஷன் ஆனப்பவே உங்க அத்தை சொல்லிட்டா. இன்னொரு தடவை விழுந்தீங்க, அப்புறம் வாசப்படி தாண்ட விட மாட்டேன்னு. பல்ப் எரியுதா, குழாய் ஒழுகுதான்னு நாலு மாடியும் சுத்தி வந்தாத்தான் எனக்குப் பொழுது போகும். வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. என்னிடம் மிச்சமிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒரு மனுஷன் ரெண்டு நாளா பால்கனிக் கதவைச் சாத்திட்டு டங்கு டங்குன்னு தட்டறார். என்னன்னு கேட்டா பூனையாம்! சுத்தியல் பிடிக்கற பூனையை இப்பத்தான் பாக்கறேன். சாப்பாட்டைக் கரண்டியால சாப்பிடறார். வீடெல்லாம் தைல வாசனை. இதுக்கு மேல எனக்கு நோட்டீஸ் எழுதி ஒட்டணுமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நான் விழுந்துட்டேன்" என்றார். பிறகு ரொம்பப் பயந்தவராக, "இனிமே வெளியே போகக் கூடாதா?" என்று கேட்டார்.

"விழுந்தா சொல்லுங்க! தூக்கி விடறதுக்கு ஆள் வேணாமா? முதல்ல அந்தப் பல்பை மாட்டுங்க. அப்புறம் எங்க வேணா சுத்துங்க" என்றார் அத்தை. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் மாமாவின் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டு, வீங்கியிருந்த மணிக்கட்டைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை காலை மாமாவும் நானும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விழுந்து வளைஞ்சது இல்ல" என்றார் கடைசியில். "இது சரி பண்ணி வளைஞ்சது. எந்தப் புண்ணியவான் சார் கை வச்சது?"

மாமா கடையின் கூரையைப் பார்த்தார்.

"வேற ரிம்தான் போடணும். பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. "பார்க்கலாம்னா யாருண்ணா பார்ப்பாங்க?"

"நான்தான் பார்ப்பேன்."

"எப்ப?"

"நாளைக்கு மதியத்துக்குள்ள. என்ன பாப்பா, போலீஸ் மாதிரி கேக்கறே?"

"எங்க சித்திக்கு வேலை போயிடும்ணா. நாளைக்குச் சாயங்காலம் சைக்கிள் வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த புது ரிம் ஒன்றை அப்போதே இறக்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தி வந்தாள். சைக்கிள் வாசலில் நின்றது. அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். வாட்ச்மேன் அண்ணா இருந்தார். டியூஷன் அக்காவும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாமாவும் அத்தையும் படியருகே நின்றார்கள்.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு சைக்கிளைச் சுற்றி வந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"முன்னாடி ரிம் புதுசா இருக்கே? என்னடி ஆச்சு?"

"நான் அதை வழியில நிறுத்தினேன் சித்தி. அதனால வளைஞ்சு போச்சு. மாத்தியாச்சு."

"வளைஞ்சு போச்சா? யாரு வளைச்சா?"

மாமா அறிவிப்புப் பலகையை, அதில் இருப்பதை வேறு யாரோ எழுதியது போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சொல்வது?

"மாத்தியாச்சு சித்தி. ஓட்டிப் பாரு."

"அதான் கேக்கறேன், யாரு..."

"மாத்தப்பட்டுடுச்சு சித்தி!" என்று கத்தினேன். என் வாயிலிருந்துதான் வந்தது. வாட்ச்மேன் அண்ணாவே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாமா தொண்டையைக் கனைத்தார். இரண்டு அடி முன்னால் வந்தார்.

"நான்தான்மா" என்றார். "பல்பைக் கழட்டினது நான். விழுந்தது நான். சைக்கிளை எடுத்து ஒளிச்சு வச்சது நான். சரி பண்றேன்னு கெடுத்ததும் நான்தான். இந்தப் பொண்ணு எனக்காகச் சொல்லாம நிக்குது."



"சார், சைக்கிளை மேல தூக்கிட்டுப் போனது நான்" என்றார் வாட்ச்மேன் அண்ணா. "நீங்க மணியை மட்டும்தான் பிடிச்சுட்டு வந்தீங்க."

"போன மாசம் மோட்டாரை நிறுத்த மறந்து தண்ணியெல்லாம் வழிய விட்டது நான்" என்றாள் டியூஷன் அக்கா, யாரும் கேட்காமலே.

"வாசல் பூந்தொட்டியை இடிச்சது என் ஸ்கூட்டர்தான். அதாவது, நான்தான்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் எதைச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. நாலு மாடியும் ஒரே நேரத்தில் 'நான்தான், நான்தான்' என்றது.

அம்மா என் காதருகே குனிந்தாள். "ஷெட் சாவியைத் தொலைச்சது நான்தான்டி. பஸ்ல விட்டுட்டேன்."

"அம்மா! என்னை அந்தத் திட்டு திட்டினியே!"

"அதையும் நான்தான் திட்டினேன்" என்றாள் அம்மா.

சித்தி சிரித்த சிரிப்பில் அவள் பை தோளிலிருந்து நழுவியது. "நீங்க எல்லாரும் சொல்லி முடிக்கறதுக்குள்ள பேக்கரியில ரொட்டியே வெந்துடும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். பெடலை மிதித்தாள்.

நான் தெருவுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். சித்தி தெருமுனை வரை போய், கையைத் தூக்கி ஆட்டிவிட்டு அடுத்த தெருவுக்குள் திரும்பினாள். முன் சக்கரம் கொஞ்சமும் ஆடவில்லை.